சடையப்பர் ஆடிய தூரி

கொங்குச் சீமையில் மலையராயர் என்று ஒரு குறுநில மன்னர். கோட்டை கட்டுவதில் அவருக்குத் தீராத ஆசை. கோட்டைக்குக் கல் வேண்டும், கல்லுக்கு மலை வேண்டும். ஆனாலும் அவர் போட்ட சட்டங்களில் ஒன்று உருப்படியானது. கல் வெட்டிய குழியை நிரப்பி, மண் கொட்டி, மரம் வளர்த்துக் காட்டினால்தான் அடுத்த மலையில் உளி வைக்கலாம்.

கல்குழி அதிகாரி சடையப்பருக்கு இந்தச் சட்டத்தைக் கண்டாலே எரிச்சல். ஒரு குன்றைப் பள்ளமாக்கி முடித்திருந்தார். அடுத்து அவர் கண் வைத்தது சுனைக்கரடு என்ற சிறு குன்றின் மேல். அந்தக் கரட்டுச் சுனைதான் அடிவாரத்து ஊருக்குக் குடிதண்ணீர்.

"கரட்டை உடைச்சா சுனை போச்சுங்க. நாங்க எங்கே போவோம்?" என்று ஊர்ப்பெண்கள் அரசவை விகடர் நஞ்சையனிடம் வந்து அழுதார்கள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடி நோன்பித் திருநாளன்று மன்னர் குழியைப் பார்வையிட வந்தார். வந்தவர் வாயைப் பிளந்தார். குழி இருந்த இடத்தில் வேம்பும் புங்கனுமாக ஒரு தோப்பே நின்றது!

"போன மாதம்கூட இங்கே பள்ளம்தானே இருந்தது?"

"மன்னர் பார்வை பட்டால் பாறையும் துளிர்க்குமுங்க," என்று குழைந்தார் சடையப்பர்.

"பலே! சுனைக்கரடு உமக்குத்தான். நாளைக்கே உளி வையும்."

மன்னரோடு வந்திருந்த நஞ்சையன் ஒரு மரத்தடிக்குப் போனார். கைத்தடியால் மண்ணைக் குத்திப் பார்த்தார். ஒரு சாணுக்குக் கீழே வெறும் கல் சில்லு. இதிலா இவ்வளவு பெரிய மரம்? ஆனால் பாராட்டி முடித்த மன்னரிடம் ஏமாந்துவிட்டீர்கள் என்று சொன்னால், ஏமாற்றியவனை விட்டுவிட்டுச் சொன்னவனைத்தான் பிடிப்பார்கள். அரண்மனைச் சோறு தின்றவருக்கு இது தெரியாதா?

"மன்னா, ஆடி நோன்பியும் அதுவுமா தோப்புக்குள் நிற்கிறோம். தூரி கட்டாமல் போகலாமா?" என்றார் நஞ்சையன்.

தூரி என்றால் அந்தப் பக்கத்தில் ஊஞ்சல். ஆடி நோன்பிக்கு மரத்துக்கு மரம் தூரி கட்டுவார்கள். மரம் வைத்தவருக்குத்தான் முதல் ஆட்டம்.

மன்னருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "கட்டுங்கள் கயிற்றை! சடையப்பரே, உட்காரும்."

சடையப்பர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இடுப்புப் பிடிப்புங்க."

"இடுப்புப் பிடிப்புக்குத் தூரி ரொம்ப நல்லதுங்க," என்றார் நஞ்சையன்.

"இன்னிக்கு விரதமுங்க."

"தூரியில் உட்காரத்தானே சொன்னோம்? இலை போட்டா கூப்பிட்டோம்?"

"உட்காரும்!" என்று அதட்டினார் மன்னர்.

சடையப்பர் பலகையின் நுனியில் ஒட்டிக்கொண்டார். கால் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டார். நஞ்சையன் பின்னால் போய், மரியாதையாக, ஒரே தள்ளுத் தள்ளினார்.

மரம் சாய்ந்தது. அது பக்கத்து மரத்தின் மேல் விழ, அது அடுத்ததன் மேல் விழ, தோப்பு மொத்தமும் படுத்துவிட்டது. ஒன்றிலும் வேர் இல்லை. எல்லா அடியிலும் கோடாலி வெட்டு ஈரமாகத் தெரிந்தது. தழைக்குள்ளிருந்து சடையப்பர் தவழ்ந்து வந்தார்.

"ஆடிக் காத்துங்க, மன்னா! ஆடிக் காத்து!"

"காத்து கோடாலியும் பிடிக்குமுங்களா?" என்று கேட்டார் நஞ்சையன். "சுனைக்கரட்டில் மரத்தையெல்லாம் வெட்டி இங்கே நட்டிருக்கிறார், மன்னா. அங்கே பாருங்கள், மலை மொட்டையாக நிற்கிறது."

மன்னருக்கு மீசை துடித்தது. "இவனை இந்தக் குழியிலேயே போட்டு மூடுங்கள்!"

"வேண்டாமுங்க. இவரைப் போட்டால் ஓராள் பள்ளம்தான் நிரம்பும். குழி பெரிசு. அதை நல்ல மண்ணால் நிரப்பி, இவரே மரம் வைக்கட்டும். ஒவ்வொரு ஆடிக்கும் அந்த மரத்தில் முதல் தூரி இவருக்கே. தள்ளிவிடுவது மட்டும் சுனைக்கரட்டு அடிவாரத்துப் பெண்கள்."

மன்னர் தொப்பை குலுங்கச் சிரித்தார். "உமக்கு என்ன வேண்டும், கேளும்!"

"சுனைக்கரட்டை உளி தொடக்கூடாதுங்க."

"தொடாது!" என்றார் மன்னர். கல் கிடைக்காமல் கோட்டை மதில் இடுப்பளவோடு நின்றுபோனது. எதிரி யாரும் அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் சடையப்பர் வண்டல் மண்ணோடு குழிக்கு வந்துவிட்டார். ஆள் ஒருவன் வேப்பங்கன்றை அசட்டையாகத் தூக்கினான்.

"அடேய், வேர் அறுந்துடும்டா! பதமா வை!" என்று அலறினார் சடையப்பர். "இதுல உக்காரப்போறது நீயா, நானா?"