ஒச்சம்மாவுக்குப் பாடின ஒப்பாரி

தள்ளிப் படு செவ்வந்தி. காலைத் தூக்கி எம்மேல போடாத, பெரியம்மா இடுப்பு ஏற்கெனவே போச்சு. கதைக்கு "ம்" கொட்டணும், தெரியும்ல? கொட்டலேன்னா நான் தூங்கிருவேன். அப்புறம் என் கொறட்டையத்தான் நீ கேக்கணும்.

ஒரு ஊர்ல ஒரு ஒச்சம்மா இருந்தா. ஒப்பாரி பாடுறவ. எந்த வீட்டுல சாவு விழுந்தாலும் ஒச்சம்மா வருவா. அவ "ஏ... ஏ..."ன்னு இழுத்து ஒரு பாட்டு எடுத்தா, வெறைச்சுக்கிட்டு நிக்கிற ஆம்பளையும் துண்டால மூஞ்சியப் பொத்திக்குவான். அதே ஊர்ல ஒரு மக்கும் இருந்தா. நாப்பது வயசு மக்கு. பேரு பேச்சி.

"ஒம் பேரா பெரியம்மா?"

பின்ன, மக்குன்னா வேற எவ இருப்பா? கேளு.

அப்புறம் ஒச்சம்மாவுக்கு நெஞ்சுல நோவு வந்துருச்சு. டாக்டரு கைய விரிச்சுட்டாரு. அப்போ அவ என்னையக் கூப்புட்டு விட்டா. "ஏண்டி பேச்சி, இந்த ஊர்ல அம்புட்டுப் பேருக்கும் நான் அழுதிருக்கேன். நான் போனா எனக்குப் பாட ஒருத்தி இல்ல. ஊமைச் சாவாப் போயிருமோன்னு பயமா இருக்குடி. நீ கத்துக்க."

"எனக்குத் தாலாட்டே வராதேக்கா!"

"தெரியும். வேற எவளும் வரமாட்டேங்கிறாளே, என்ன பண்ணச் சொல்ற?"

இப்படித்தான் கண்ணு ஒம் பெரியம்மாவுக்கு அந்தப் பெரிய பதவி கெடச்சுது. ம்?

"ம்."

மொதல்ல செத்தது சீனிச்சாமி. எச்சக் கையால காக்கா ஓட்டாத மனுசன். எனக்கு என்ன தெரியும்? நெஞ்சுல தம் தம்முன்னு அடிச்சுக்கிட்டு, "ஊருக்கே சோறு போட்ட உத்தமரே"ன்னு எடுத்தேன். அழுதுக்கிட்டிருந்த பொண்டாட்டிக்காரி களுக்குன்னு சிரிச்சுட்டா. அப்புறம் வீடே குபீர்னு சிரிச்சுச்சு. நான் கெடச்ச செருப்ப மாட்டிக்கிட்டு ஒரே ஓட்டம். வீட்டுக்கு வந்து பாத்தா ஒண்ணு என்னுது, ஒண்ணு எவருதோ.

ஒச்சம்மா நெஞ்சப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. அப்புறம் சொன்னா: "இல்லாததப் பாடாதடி. எம்புட்டு மோசமான ஆளுகிட்டயும் உள்ளது ஒண்ணு இருக்கும், அதத் தேடிப் பாடு. மழையில நனைஞ்ச நாய்க்குட்டிய அந்த சீனிச்சாமி மடியில கட்டித் தூக்கிட்டு வருவாரே, நீ பாத்ததில்லையா?" நான் பாத்திருக்கேன். ஆனா அவரு கஞ்சத்தனத்தத்தான் மனசுல வச்சிருந்தேன்.

ரெண்டாவது சாவு மேலத் தெருவுல. இந்தத் தடவ ஒரு கை பாத்துருவோம்னு விறுவிறுன்னு போனேன். வாசல்ல ஒரு பெரியவரு தலையோட வேட்டியப் போத்திப் படுத்திருந்தாரு. தொப்புன்னு விழுந்து, "என்னப் பெத்த ராசா, எங்கள விட்டுப் போனீரே!"ன்னு ஒரு கத்து. ராசா படக்குன்னு எந்திரிச்சு ஒக்காந்து, "நான் எங்க தாயி போனேன்?"ங்கிறாரு. சாவு அடுத்த வீட்டுல!

"ஐயோ பெரியம்மா!"

சிரிக்காத, தூக்கம் கலைஞ்சிரும். அன்னிக்கு ஒச்சம்மா படுக்கையில இருந்து எந்திரிக்கக்கூட முடியல. ஆனாலும் திட்ட மட்டும் தெம்பு இருந்துச்சு. "போனதும் வாயத் தொறக்காதடி கூறுகெட்டவளே. அந்த வீட்டுப் பொம்பள பக்கத்துல ஒக்காரு. கையப் புடிச்சுக்க. அவ சொல்றதக் கேளு. கேக்கத் தெரியாதவளுக்கு அழத் தெரியாது."

அப்புறம் மூணாவது பாட்டு, ஒச்சம்மாவுக்கே. ஒச்சம்மாவுக்கு மூச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு வாங்குது. "செத்தப்புறம் எனக்கா கேக்கப் போவுது? இப்பவே பாடு"ங்கிறா. நான் "பொன்னான அக்கா, பூவான அக்கா"ன்னு ஆரம்பிச்சேன். அவ ஒத்தக் கண்ணத் தொறந்து, "யாருடி அந்தப் பூவு? எனக்குத் தெரிஞ்சவளா?"ங்கிறா.

எனக்கு வந்துச்சு பாரு கோவம்! சாகக் கெடக்கும்போதும் நக்கலப் பாருன்னு, வாயில வந்தத எடுத்து விட்டேன்:

"வெத்தலைய நீ தின்னு காம்ப எனக்குத் தந்தவளே,
வெடுவெடுன்னு திட்டித் திட்டி வேல சொல்லித் தந்தவளே,
திட்டு வாங்க நானிருக்கேன், திட்டுறவ எங்க போற?"

பாதியில கொரல் ஒடைஞ்சிருச்சு. ஒச்சம்மாவுக்குக் கண்ணுத் தண்ணி ரெண்டு பக்கமும் காதுல எறங்குது. அப்படியே, "இப்பத்தான்டி என்னையப் பாடுற"ன்னா. அப்புறம் என்ன சொன்னா தெரியுமா? "ஆனா சுதி சரியில்ல."

"ம்..."

அந்த வாரமே போயிட்டா. ஊரே கூடி நிக்கிது. எல்லாரும் எம் மூஞ்சியப் பாக்குறாங்க. வாயத் தொறக்குறேன், ஹான்னு வெறும் காத்துத்தான் வருது. "இவளையா அக்கா நம்புனா?"ன்னு ஒருத்தி முணுமுணுக்கிறா. நியாயமான கேள்விதான். எனக்கும் அதே சந்தேகம்தான்.

அப்போ அவ சொன்னது ஞாபகம் வந்துச்சு. பக்கத்துல ஒக்காந்து கையப் புடிச்சுக்கிட்டேன். சில்லுன்னு இருந்துச்சு. அவ ஏதாச்சும் சொல்லுவான்னு காதக் குடுத்துக் கேட்டேன். திட்டுவான்னு பாத்தேன். ஒரு சத்தமும் இல்ல. அய்யோ, போயிட்டாளேன்னு எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது. தன்னால வந்துச்சு பாட்டு:

"ஏ... சுத்திச் சனம் நிக்குதக்கா, சொல்லித் திட்ட ஆளில்லையே,
சுதி சரியில்லன்னு சொல்ல இனி யாரிருக்கா எனக்கு?"

அம்புட்டுப் பொம்பளைகளும் ஓன்னு அழுது கூடப் பாடுனாங்க. சத்தம் அடுத்த ஊருக்கே கேட்டுச்சாம். ஒச்சம்மா ஊமைச் சாவாப் போகல கண்ணு.

"பெரியம்மா... அழுறியா?"

இல்லடி, ஜலதோசம். தூங்கு.

"பெரியம்மா... நீ பாடுனதுல சுதி சரியில்ல."

அடி கழுத! தூக்கத்துலயும் பேச்சப் பாரு. ...அப்பாடா, சொல்ல ஒரு ஆளு வந்துருச்சு.

கதை வண்டி வீடு வந்து சேந்துருச்சு, மாட்ட அவுத்துக் கட்டியாச்சு. கண்ண மூடு, தூங்கு.