சவரியப்பனின் ஐந்து கிலோ பயிற்சி

இருட்டி விளக்குப் போட்ட நேரம். முன்னறையில் 'தொம்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொரு 'தொம்'. இரண்டு மாதக் குழந்தையை அணைத்துக்கொண்டு எமல்டா எட்டிப் பார்த்தாள்.

மாமனார் சவரியப்பனின் கைகளைத் துண்டால் பின்னே கட்டியிருந்தார்கள். கட்டியது அவர் பெற்ற செல்வங்கள்தான்: மூத்தவர் லூர்து, இளையவன் பர்னபாஸ். இளையவன் எமல்டாவின் புருஷன். கிழவர் நாற்காலியிலிருந்து பாதி எழுவார், தொம்மென்று விழுவார்.

"என்னங்க இது?"

"கையை ஊனாம எழுந்திருக்கணும்னு டாக்டர் சொன்னாரு. கை சும்மா இருந்தாத்தானே," என்றான் பர்னபாஸ்.

ரிட்டயரான பத்து வருஷமாகச் சவரியப்பன் அந்த நாற்காலியில்தான் குடியிருந்தார். தண்ணீர்ச் செம்பைக்கூடப் பிள்ளைகளே வாய்க்குக் கொண்டுபோவார்கள், அவ்வளவு பாசம். ஆகாரம் டீயும் பன்னும். போதாததற்கு ஒரு காய்ச்சலில் மூன்று வாரம் படுக்கை. தொடைச் சதை கரைந்தே போயிற்று. அந்த வீட்டில் தேயாமல் புத்தம்புதிதாக இருந்தது மூளை ஒன்றுதான்; யாரும் எடுத்துப் புழங்கவில்லை.

இந்தக் கால்களோடு, அடுத்த மாதம் ஞானஸ்நானத்துக்குப் பேத்தியைக் கோயில் படி பன்னிரண்டும் தானே தூக்கிக்கொண்டு ஏறுவேன் என்று கிழவர் ஒற்றைக்காலில் நின்றார். நிற்க முடியாததால் உட்கார்ந்தபடியே நின்றார். எமல்டா கண்ணை மூடினால் போதும், குழந்தை படியில் உருண்டது.

டாக்டர் இன்னும் சிலது சொல்லியிருந்தார்: தினம் முட்டை, பருப்பு. குழந்தை எடைக்கு எதையாவது தூக்கிப் பழகணும். பழகாததைத் திடீரென்று தூக்கக் கூடாது.

"குழந்தை எடைக்குச் சரியா நம்ம வீட்ல என்ன இருக்கு?" என்று லூர்து வெகுநேரம் யோசித்தார். "குழந்தை இருக்கு."

எமல்டா குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். "அரிசிப் பை இருக்கு அத்தான். அதுவும் அஞ்சு கிலோதான்."

"அரிசி அழாதுல்ல. பிள்ளை அழுது அப்பா பதறிட்டா?"

"அப்ப நான் அழறேன் அண்ணே," என்றான் பர்னபாஸ்.

ஒரு மாதம் கிழவர் அரிசியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினார். பின்னாலேயே பர்னபாஸ் வீறிட்டுக்கொண்டு போனான். ஆச்சரியம் என்னவென்றால், கால் உண்மையிலேயே தேறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. எமல்டா குழந்தையை நீட்டினாள். சவரியப்பன் ஓரடி பின்வாங்கினார்.

"வேண்டாம்மா. இது நான் பழகாதது."

"டாக்டர் பேச்சை மீற முடியுமா?" என்றார் லூர்து. "பழகினதையே தூக்கட்டும். அந்த வெள்ளைக் கவுனைக் கழட்டிக் குடும்மா."

எமல்டா கவுனைக் கழற்றி, அரிசிப் பைக்குத் தானே மாட்டி, பொத்தானும் போட்டுவிட்டாள்.

வாசலில் பர்னபாஸுக்குச் சந்தேகம். "அண்ணே, ஃபாதர் பேரு கேட்பாரே?"

"பையிலேயே அச்சடிச்சிருக்கே, பொன்னின்னு."

பர்னபாஸின் அழுகை தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எமல்டா குழந்தையோடு உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.