படகில் ஏறும் வரிசை

“அம்மையே, நான் எப்போது ஊர் திரும்பலாம்?” என்று கேட்டான் பொறையன்.

அந்தக் கார்த்திகை மாதத்தில் அவன் அதைக் கேட்பது நான்காவது முறை.

சோலையம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

பொறையனுக்கு வயது நாற்பத்தெட்டு. இருபது ஆண்டுகள் அரண்மனையில் ஓலை எழுதியவன். அந்த வேலையை உதறிவிட்டு, தன்னைவிட ஒன்பது வயது இளைய இந்த ஆசிரியையிடம் மாணவனாய் வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மனிதர் கூடி வாழும் விதத்தைப் பற்றியது அவர் கற்பித்த பாடம்.

ஆற்றுக்கு அக்கரையில், அவனுடைய ஊரான நெடுங்கரையில், பள்ளிக்கூடம் கட்டி முடித்துவிட்டார்கள். ஆசிரியர்தான் இல்லை.

“தை பிறப்பதற்குள் வந்து சேருங்கள். இல்லையென்றால் கட்டடத்தில் நெல்லைக் கொட்டிவிடுவோம்” என்று ஆள் அனுப்பியிருந்தார்கள்.

ஆனால் சோலையம்மை ‘போகலாம்’ என்று சொல்லாமல் அவருடைய மாணவர் எவரும் இதுவரை பள்ளி தொடங்கியதில்லை.

“அரசு என்றால் என்ன?” என்று கேட்டார் சோலையம்மை.

“ஒரு நிலப்பரப்பில் வாழும் எல்லோருக்கும் ஆணையிடவும், மீறுவோரைத் தண்டிக்கவும் உரிமை பெற்ற அமைப்பு.”

ஆய்ந்த கீரை தட்டில் விழுந்தது.

“சந்தை?”

“வைத்திருப்பவரும் வேண்டுபவரும் சந்தித்து, பேசி, மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு.”

இன்னொரு பிடி விழுந்தது.

“அதிகாரம்?”

“பிறருக்கு விருப்பமில்லாதபோதும் அவர்களை நம் சொற்படி நடக்கவைக்கும் ஆற்றல்.”

“வழக்கம்?”

“பலர் பல காலமாகச் செய்துவருவது.”

சோலையம்மையின் கை நின்றது.

“எத்தனை பேர்? எத்தனை காலம்?”

பொறையன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.

“ஆற்றுத் துறைக்குப் போங்கள், பொறையரே. மக்கள் படகில் எப்படி ஏறுகிறார்கள் என்று பார்த்து எழுதி வாருங்கள்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்” என்று கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார்.

*

துறையில் கடம்பனின் படகு ஒன்றுதான் உண்டு. பத்துப் பேர் ஏறலாம். பதினோராவது ஆள் கால் வைத்தால் தண்ணீர் உள்ளே எட்டிப் பார்க்கும்.

“புதுசா வந்திருக்கீங்க. முதல்ல நீங்க ஏறுங்கய்யா” என்றான் கடம்பன்.

பொறையன் ஏறி அமர்ந்து, ஓலையையும் எழுத்தாணியையும் எடுத்துக்கொண்டான்.

அவனுக்குப் பின் கூடைக்காரர்கள் ஏறினார்கள். அடுத்து, கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். பிறகு வெறுங்கையோடு வந்தவர்கள். எல்லோருக்கும் கடைசியில், மோர்க்காரியோடு பேசி முடித்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு ஆடி அசைந்து ஏறினாள் மருத்துவச்சி மருதி. இரண்டு கரைக்கும் பிள்ளைப்பேறு பார்ப்பவள் அவள் ஒருத்திதான்.

இரண்டாம் நாளும் அதே வரிசை. மூன்றாம் நாளும் அதே.

பொறையனுக்கு உடல் சிலிர்த்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது!

மூன்றாம் நாள் மாலை, சரிபார்ப்பதற்காக அவர்களுக்கே அதைப் படித்துக் காட்டினான்.

“விருந்தினர் முதலில் ஏறுவர். பின்னர்க் கூடை சுமப்போர். அவர்க்குப் பின் கன்றுடையோர். அதன் பின் வெறுங்கையர். கடைசியில் மருத்துவச்சி.”

படகில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நாம இப்படியா ஏறுறோம்?” என்றாள் மோர்க்காரி.

“அட, ஆமால்ல!” என்றான் ஒரு கூடைக்காரன்.

“என்னையும் எழுதிட்டாரு பாரு! கடைசியில போட்டாலும் போட்டாரே, அது போதும்” என்று சிரித்தாள் மருதி.

கடம்பன் தயங்கித் தயங்கித் தனக்கு ஒரு படி கேட்டான். பொறையன் மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுத்தான். இருபது ஆண்டுப் பழக்கம்; முடிவில், அரண்மனை ஆணைகளுக்கு இடும் சுழி ஒன்றும் கையோடு வந்து விழுந்தது.

அந்தத் துறைக்கு இதுவரை வந்த ஓலைகள் எல்லாம் அரண்மனையிலிருந்து வந்தவைதாம்.

கடம்பன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

*

சோலையம்மை ஓலையை இருமுறை படித்தார்.

“நான்காம் நாள் எப்படி ஏறினார்கள்?”

“நான்தான் புறப்பட்டு வந்துவிட்டேனே, அம்மையே.”

“அதைத்தான் கேட்கிறேன்” என்று ஓலையைத் திருப்பிக் கொடுத்தார்.

பொறையனுக்கு மனம் சுணங்கிவிட்டது. மூன்று நாள் வெயிலில் உட்கார்ந்ததற்கு ஒரு நல்ல சொல் கூடவா இல்லை? அந்தச் சுணக்கத்திலேயே மார்கழியில் பாதி கழிந்தது. அதற்குப் பிறகுதான் மறுபடியும் துறைக்குப் போனான்.

அன்று சந்தை நாள். துறையில் கூட்டம் நெரிந்தது.

படகின் முனையில் ஒரு மூங்கில் குழாய் தொங்கியது. அதனுள் அவனுடைய ஓலை.

“வாங்கய்யா, வாங்க! நீங்கதான் முதல்ல” என்று கடம்பன் கைபிடித்து ஏற்றினான்.

கூடையர் ஏறினர். அடுத்து வந்தவன் ஒரு கையில் கூடையும் மறு கையில் கன்றுமாக நின்றான். அவன் எந்த வரிசையில் சேர்த்தி என்று கரையிலேயே ஒரு சிறு பஞ்சாயத்து நடந்தது. கூடையைத் தம்பியிடம் கொடுத்த பிறகுதான் அவனை விட்டார்கள்.

படகு நிறைந்தது. கடம்பன் கழியை ஊன்றினான்.

“நிறுத்து, கடம்பா! நிறுத்து!”

மேட்டிலிருந்து மருதி ஓடி வந்தாள். கக்கத்தில் துணி மூட்டை. அவிழ்ந்த கொண்டையை முடியவும் நேரமில்லை.

“அக்கரையில கொடியாளுக்கு வலி கண்டு ரெண்டு நாழிகை ஆச்சாம். பிள்ளை குறுக்கே கிடக்குதாம். இடம் விடு!”

“பத்துப் பேரு ஆயிட்டாங்கக்கா. அடுத்த நடையில வா. நீ கடைசிதானே?”

“என்னடா கடைசி?”

“ஓலையில இருக்குக்கா.”

“போன மாசம் வரைக்கும் நான் ஓடி வந்தா, உட்கார்ந்திருக்கிறவனை எழுப்பிவிட்டுல்ல என்னை ஏத்துவே?”

“அது ஓலை வர்றதுக்கு முந்தி.”

பொறையன் திடுக்கிட்டு எழுந்தான்.

“கடம்பா, நான் பார்த்ததைத்தான் எழுதினேன். இப்படித்தான் ஏறவேண்டும் என்று எழுதவில்லையே!”

“நீங்க சும்மா எழுதியிருக்க மாட்டீங்கய்யா” என்றாள் மோர்க்காரி, மிகுந்த மரியாதையோடு.

“அந்த ஓலையை இப்படிக் கொடு. கிழித்துப் போடுகிறேன்.”

“கிழிச்சுக்குங்க. எங்களுக்கெல்லாம் மனப்பாடம்” என்றான் கூடைக்காரன்.

“சரி, நான் இறங்கிக்கொள்கிறேன். என் இடத்தில் அவள் உட்காரட்டும்.”

கடம்பன் நெற்றியைச் சுருக்கினான். அவன் கெட்டவன் இல்லை. முறை தவறக் கூடாதே என்று உண்மையாகவே அஞ்சினான்.

“விருந்தாளியை எப்படிங்க இறக்கிவிடறது? கடைசி ஆளு முதல் இடத்துல எப்படிங்க உக்காரும்?”

“நீங்க நிதானமா பேசி முடிங்கய்யா. அது வரைக்கும் வெளியே வராதேன்னு நான் இங்கிருந்தே பிள்ளைக்குச் சொல்லியனுப்புறேன்!” என்று கரையிலிருந்து கத்தினாள் மருதி. குரல் கேலியாய்த் தொடங்கி, முடியும்போது உடைந்தது.

பொறையன் கரையைப் பார்த்தான். அக்கரையைப் பார்த்தான்.

மார்கழித் தண்ணீருக்குள் குதித்தான்.

படகு ஆடியது. கன்று அலறியது. மார்பளவு நீரில் தட்டுத் தடுமாறி எழுந்து நின்றான்.

எல்லோரும் மூங்கில் குழாயைப் பார்த்தார்கள்.

“ஐயா குதிச்சிட்டாரு. இதுக்கு ஓலையில என்ன…” என்று இழுத்தான் கடம்பன்.

“ஒன்றுமில்லை” என்றான் பொறையன், வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு. “எழுதியவன் நான். எனக்குத் தெரியாதா?”

கடம்பன் படகில் இருந்தவர்களை ஒருமுறை எண்ணினான். ஒன்பது. அவன் முகம் தெளிந்தது.

“அப்ப ஏறுக்கா, ஏறு!”

மருதி ஒரே தாவலில் ஏறினாள். படகு அம்பாய்ப் பாய்ந்தது.

பொறையன் ஈரத் துணியோடு கரையிலேயே உட்கார்ந்திருந்தான். படகு மூன்று நடை போய் வந்தது. நான்காவது நடையில் செய்தி வந்தது.

பெண் குழந்தை. தாயும் நலம்.

*

சோலையம்மை உலர்ந்த துண்டு ஒன்றை நீட்டினார்.

“என்ன பார்த்தீர்கள்?”

“நான் எழுதியதைப் பார்த்தேன்.”

“வழக்கம் என்றால் என்ன?”

“தெரியவில்லை, அம்மையே.”

மூன்று ஆண்டுகளில் அவன் அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை.

ஆனாலும் சோலையம்மை ‘போகலாம்’ என்று சொல்லவில்லை.

மார்கழியின் கடைசி நாளும் வந்தது.

விடியும் முன்பே பொறையன் மூட்டையோடு அவர் முன் நின்றான்.

“நாளை தை பிறக்கிறது. பள்ளிக்கூடத்துக்குள் நெல் வந்துவிடும்.”

“துறைவரை நானும் வருகிறேன். நீங்கள் ஏறுவதா திரும்புவதா என்று அங்கே பார்த்துக்கொள்வோம்.”

முதல் நடைக்கு வேறு எவரும் வந்திருக்கவில்லை. படகில் கடம்பனும் இல்லை. அவன் காய்ச்சலில் கிடந்ததால், நாலு நாளைக்கு முன் மேற்கேயிருந்து வந்த அவன் மைத்துனன் கழியைப் பிடித்திருந்தான்.

அவன் பொறையனையும் மூட்டையையும் ஏற இறங்கப் பார்த்தான்.

“வெளியூருங்களா? அப்ப நீங்கதான் முதல்ல ஏறணும். ஆமா, நீச்சல் தெரியுமா?”

“எதற்கு?”

“மருத்துவச்சி வந்தா விருந்தாளி தண்ணியில குதிக்கணும். இந்தத் துறையோட வழக்கம்.”

பொறையன் மூட்டையைத் தரையில் இறக்கினான்.

“எத்தனை காலமாக?”

“அது முப்பாட்டன் காலத்துலேருந்து இருக்குங்க. முதமுதல்ல குதிச்சவரு யாரோ ஒரு ராஜாவாம்!”

ஆற்றின் மேல் பனி மெல்லக் கலைந்துகொண்டிருந்தது.

பொறையன் திரும்பி ஆசிரியையைப் பார்த்தான். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதிக்கொள்ளவில்லையா, பொறையரே?”

பொறையன் மூட்டையை அவிழ்த்து, ஓலை ஒன்றை எடுத்தான். எழுத்தாணியின் முனையை வைத்தவன், சற்றே நிறுத்தினான்.

பிறகு, முதல் வரியில் அன்றைய நாளைக் குறித்தான்.

“தம்பி, உன் பெயர் என்ன?”

“உத்தண்டனுங்க. எதுக்குங்க?”

இரண்டாம் வரியில் அந்தப் பெயரை எழுதினான்.

“நீ இந்தத் துறைக்கு வந்து எத்தனை நாள்?”

“நாலு நாளாச்சு.”

அதையும் எழுதினான்.

“ஏறுங்கள்” என்றார் சோலையம்மை.

பொறையன் வேட்டியை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிக்கொண்டு, முதலாவதாக ஏறினான்.