கஸ்பாரின் பாசிச்சாறு

ஜெசிந்தாவைப் பெண் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகள் காபி குடித்த கையோடு எழுந்து போயிருந்தார்கள். இரண்டு தடவையும் காரியத்தைக் கெடுத்தது அப்பா கஸ்பாரின் வாய். மூன்றாவதாகத் தூத்துக்குடியிலிருந்து வந்த இன்னாசி, அவள் விரல்களில் பாறை கீறிய தழும்புகளைப் பார்த்துவிட்டு, "கடல்பாசி எடுக்கப் போறப்ப துணி சுத்திக்க மாட்டீங்களா?" என்று கேட்டான். அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. அப்பா இன்று ஒருநாள் சும்மா இருந்தால் போதும்.

சாப்பாட்டில் இறால் வந்தது.

"மீனு எதுன்னாலும் சாப்பிடுவேன் ஐயா. இறால் மட்டும் அலர்ஜி. மூஞ்சி வீங்கிரும்" என்றான் இன்னாசி.

பாம்பனில் இறால் தொடாத மருமகனா? கஸ்பார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அலர்ஜியா? எம்மக எடுத்துட்டு வர்ற பாசியக் காய்ச்சி வடிகட்டுன சாறு உள்ள இருக்கு. ஒரு மடக்கு போதும். போன மாசம் நம்ம படகு டிரைவர் நண்டு தின்னு, ரெண்டு கண்ணும் மூடிருச்சு. குடிச்சான். கண்ணு தொறந்த வேகத்துல, இனி இது எதுக்குன்னு மூக்குக்கண்ணாடியக் கழட்டி எறிஞ்சுட்டான்."

"கடல்லயா?" என்றாள் இன்னாசியின் அத்தை மரியக்கிளி.

"கடல்லதான். இப்ப ஒரு பாறை மீனு போட்டுக்கிட்டுத் திரியுது."

ஜெசிந்தா அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றாள். வீட்டில் சாறு என்று ஒன்றும் கிடையாது. எடுத்த பாசி முழுக்க நேற்றே வியாபாரியிடம் போய்விட்டது.

"மதுரக்காரர் ஒருத்தர் ஆட்டோவுல உக்காந்து இறால் தின்னாரு. வீங்குன வீக்கத்துல எறங்க முடியல. ஆட்டோவ அறுக்க வெல்டர் வந்தாச்சு. நான் போயி ஒரு மடக்கு ஊத்துனேன். சர்ருனு வடிஞ்சு, அவரச் சட்டைக்குள்ள கைய விட்டுத் தேடி எடுத்தோம்."

"இப்ப எப்படி இருக்காரு?" என்றான் இன்னாசி.

"பஸ்ஸுல அரை டிக்கெட்டுதான்."

மரியக்கிளி இன்னாசியை ஒரு பார்வை பார்த்தாள். கிளம்பலாமா என்ற பார்வை. கஸ்பாரும் அதைக் கவனித்தார்.

"இதுக்கே இப்படிப் பாக்குறீங்களே மதினி! கரையில ஒரு திமிங்கலம் ஒதுங்குச்சு. உடம்பெல்லாம் தடிப்பு. அதுக்கும் இறால் ஒத்துக்கல. தும்முச்சுன்னா தெருவுல ஓடு பறக்குது. ஒரு டிரம் சாற மூக்குல ஊத்துனேன். வீக்கம் வடிஞ்சுது, வடிஞ்சுது, நிக்கவே இல்ல. கடைசியில நெத்திலியாப் போச்சு." விரலை நீட்டினார். "தம்பி தட்டு ஓரத்துல பொரிச்சு வெச்சிருக்கே, அதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. கஸ்பார் அந்தச் சூட்டிலேயே ஓர் இறாலை எடுத்தார். "பயப்படாம சாப்பிடுங்க தம்பி."

"அப்பா!" ஜெசிந்தா ஓடிவந்து அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

இன்னாசி நெத்திலியை எடுத்து வாயில் போட்டான். நிதானமாக மென்று விழுங்கினான். பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

"இறாலுக்கு எடமில்ல மாமா. முழுத் திமிங்கலம்ல!"

மாமா. ஜெசிந்தா கையில் இறாலோடு அப்படியே நின்றாள். கஸ்பார் அவன் தட்டை எட்டிப் பார்த்தார்.

மரியக்கிளி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒங்க வீட்டுத் திமிங்கலத்த முழுசாத் தின்னுட்டான். இனி பொண்ணு வேணாம்னு எந்திரிச்சா நல்லாவா இருக்கும்? தேதியச் சொல்லுங்கண்ணே."