பவளாயி வாங்கிய சுடுகல்

மொட்டைக்கரட்டின் அடிவாரத்தில் ஒரு வளை. அதில் பவளாயி என்ற முயலும் அவள் புருஷன் சடையனும் குடியிருந்தார்கள். அவர்களுக்கு நான்கு குட்டிகள். மூன்று குட்டிகள் கொழுகொழுவென்று ஓடியாடின. கடைக்குட்டி மட்டும் பிறந்ததிலிருந்தே நோஞ்சான். கொஞ்சம் குளிர்ந்தாலும் உடம்பு நீலம் பாரித்துப் போகும்.

மார்கழி பிறந்துவிட்டால் அந்தக் கரட்டில் பனி எலும்பைக் கடிக்கும். அதனால் வளைகளில் இருப்பவர்கள் சுடுகல் வாங்குவார்கள். பெரியாண்டி என்ற கரடிதான் சுடுகல்காரர். காலையில் கற்களைக் கிழக்குப் பாறையில் பரப்பி வெயிலில் காயவைப்பார். சாயங்காலம் சுமந்து வந்து வளைக்கு ஒன்று வைத்துவிட்டு, முதல் நாள் கல்லை எடுத்துக்கொண்டு போவார். வாரத்துக்குப் பத்து நெல்லிக்காய் கூலி.

அந்த வருஷம் நெல்லி சரியாகக் காய்க்கவில்லை. பவளாயி சேமிப்புக் குழியை எட்டிப் பார்த்தாள். நாற்பது காய்கள்தான் இருந்தன. பனி விலக இன்னும் எட்டு வாரம் இருந்தது.

"ஏங்க, நாலு வாரத்துக்குத்தான் வரும். அப்புறம் கடைக்குட்டிய எப்படிக் காப்பாத்துறது?" என்று கேட்டாள்.

சடையன் மீசையைத் தடவினான். மீசையைத் தடவினால் அவனிடம் பதில் இல்லை என்று அர்த்தம்.

அன்று மத்தியானம் பக்கத்து வளைக்குப் புதிதாகக் குடிவந்த அமிர்தம் என்ற கீரி பேச்சுக்கொடுத்தாள். பேச்சோடு பேச்சாக, "கரடியண்ணன் நல்ல மனுஷன். ஆறு நெல்லிக்காய்க்குக் கல் போடுறாரே!" என்றாள்.

பவளாயியின் காதுகள் இரண்டும் நிமிர்ந்து நின்றன. "எத்தனை?"

"ஆறு."

பவளாயிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வளைக்குள் வந்து சடையனிடம் கொட்டித் தீர்த்தாள். "மூணு குளிர்காலமா பத்துப் பத்தா அழுதிருக்கோம். நேத்து வந்தவளுக்கு ஆறாம்!"

"மெதுவாப் பேசு, பவளா. குட்டிகளுக்குப் பேர் வைக்கிறப்ப தேனடை கொண்டு வந்தவரு. அவர்கிட்டப் போய் விலை கேட்டா நல்லாவா இருக்கும்?"

இதுதான் அந்தக் கரட்டுக்காரர்களின் வியாதி. ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு வந்துவிட்டால் போதும், பிறகு அவரிடம் வாய் திறந்து கணக்குக் கேட்க மாட்டார்கள். கேட்டால் முகம் சுளிப்பாரோ என்று பயம். பெரியாண்டிக்கு இது நன்றாகத் தெரியும். எந்த வளையில் பேர் வைத்தாலும் முதல் ஆளாகத் தேனடையோடு போய் நிற்பார்.

பவளாயி கேட்டுவிட்டாள். சாயங்காலம் கரடி கல்லை இறக்கியதும், "அண்ணே, அமிர்தத்துக்கு ஆறு, எங்களுக்குப் பத்தா?" என்றாள்.

பெரியாண்டி வயிறு குலுங்கச் சிரித்தார். "அது புதுசா வர்றவங்களுக்கு, தங்கச்சி. நீங்க நம்ம ஆளுங்க."

"நம்ம ஆளுங்களுக்குக் கூடுதல் விலையா?"

"இப்படியெல்லாம் கணக்குப் பாத்தா உறவு நிக்குமா?" என்று சொல்லிவிட்டு அடுத்த வளைக்கு நடையைக் கட்டினார். விலை குறையவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஒரே ஆர்ப்பாட்டம்! சிங்காரம் என்ற குரங்கு ஒரு வாழைத்தாரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வளைகளுக்கு நடுவில் குதித்தான்.

"ஓடி வாங்க, ஓடி வாங்க! நம்ம கல்லு, நயம் கல்லு! வாரத்துக்கு ரெண்டே ரெண்டு நெல்லிக்காய்! இன்னைக்கே மாறுறவங்களுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் இனாம்!"

ரெண்டா? பத்து எங்கே, ரெண்டு எங்கே! எலிகள் ஓடின. உடும்பு ஓடியது. அமிர்தம் தன் மூன்று குட்டிகளையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். சடையன் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்ப் பழத்துக்குக் கை நீட்டினான்.

"கொஞ்சம் நில்லுங்க," என்று பவளாயி அவன் வாலைப் பிடித்து இழுத்தாள். முயல் வால் எவ்வளவு நீளம் இருக்கும்? ஆனாலும் விடவில்லை. "தம்பி, ரெண்டாவது வாரம் எவ்வளவு?"

"அக்கா, பழம் மலைவாழை. வாசனை பாருங்க!"

"பழத்தைக் கேக்கலை. ரெண்டாவது வாரம் எவ்வளவு?"

"அக்கா ரொம்ப விவரம் போலிருக்கே. ஊரே மாறுது, நீங்க மட்டும் யோசிக்கிறீங்க."

"தம்பி, மூணாவது தடவை கேக்குறேன்."

சிங்காரம் தலையைச் சொறிந்துகொண்டு முணுமுணுத்தான். "ரெண்டாவது வாரத்திலேருந்து பன்னெண்டு."

"நடுவுல வேண்டாம்னா நிறுத்திக்கலாமா?"

"பழத்தைத் தின்னவங்க பங்குனி வரைக்கும் நிறுத்த முடியாது. அதுதான் பேச்சு."

பவளாயி திரும்பிப் பார்த்தாள். அமிர்தத்தின் குட்டிகள் வாயெல்லாம் பழம் அப்பிக்கொண்டு நின்றன. அமிர்தம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எலிகள் தோலைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

"ஒரு கல்லு குடுத்துட்டுப் போ. ஒரு ராத்திரி வெச்சுப் பாக்குறேன்," என்றாள் பவளாயி.

"வெச்சுப் பாக்குறதெல்லாம் கிடையாதுக்கா!" என்று சொல்லிச் சிங்காரம் அடுத்த சரிவுக்குத் தாவினான்.

சடையன் வாழைப்பழம் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இப்ப என்ன பண்றது? பத்தும் ஆகாது, பன்னெண்டும் ஆகாது."

அப்போதுதான் பவளாயிக்குக் காத்தானின் நினைவு வந்தது. காத்தான் ஒரு காட்டுப்பன்றி. அவனும் சுடுகல் போடுகிறவன்தான். ஒவ்வொரு வருஷமும் பனி தொடங்கும்போது, "கல்லு வேணுமா?" என்று ஒரு குரல் கொடுப்பான். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விரட்டிவிடுவார்கள். அவன் உடம்பெல்லாம் சேறு. அவன் கல்லிலும் சேறு. அதைப் போய் யார் வளைக்குள் வைப்பார்கள்? பவளாயியே இரண்டு தடவை விரட்டியிருக்கிறாள். அதை நினைத்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கிளம்பிப் போனாள்.

காத்தான் மேற்குப் பாறையில் நின்று சூடான கல்லைக் களிமண்ணில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன் காத்தான், நல்ல கல்லை இப்படிச் சேறாக்குறே?"

"மண்ணுப் பூசினாத்தான் சூடு ஓடிப் போகாது ஆத்தா. கிழக்குப் பாறையில மத்தியானத்தோட வெயில் போயிரும். இங்க சூரியன் விழுற வரைக்கும் காயும். இத்தனை வருஷத்துல ஏன்னு கேட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"வாரத்துக்கு எவ்வளவு?"

"அஞ்சு."

"ரெண்டாவது வாரம்?"

"அதுவும் அஞ்சுதான்."

"பிடிக்கலைன்னா?"

"கல்லை வெளியில உருட்டி விட்டுருங்க, நான் எடுத்துக்கிறேன். முதல்ல ஒரு ராத்திரி வெச்சுப் பாருங்க. காய் அப்புறம் குடுத்தாப் போதும்."

அன்று சாயங்காலம் பவளாயியின் வளையில் மூன்று கற்கள் இருந்தன. ஒரு மூலையில் பெரியாண்டியின் கல். இன்னொரு மூலையில் காத்தானின் மண் பூசிய கல். மூன்றாவது மூலையில் சிங்காரத்தின் கல். அது அமிர்தம் கொண்டு வந்தது. வழுவழுவென்று, பார்க்க லட்சணமான ஆற்றுக்கல். "என் வளையில வெச்சா என்ன, இங்க வெச்சா என்ன?" என்று சொல்லித் தன் குட்டிகளோடு அவளும் அங்கேயே படுத்துவிட்டாள்.

முதலில் குட்டிகளெல்லாம் அழகான ஆற்றுக்கல்லைச் சுற்றித்தான் படுத்தன. பெரியவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் அது ஆறிப்போனது. குட்டிகள் எழுந்து பெரியாண்டியின் கல்லுக்குப் போயின. பவளாயிக்குத் தூக்கம் வரவில்லை. கடைக்குட்டியின் மூச்சையே எண்ணிக்கொண்டு கிடந்தாள். விடியற்காலையில் எப்படியோ கண் அசந்துவிட்டாள்.

திடுக்கிட்டு விழித்தாள். கடைக்குட்டி பக்கத்தில் இல்லை! பதறிக்கொண்டு தேடினாள். முயல் குட்டி நான்கும் கீரிக் குட்டி மூன்றும் காத்தானின் கல்மேல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தூங்கின. எல்லாவற்றுக்கும் அடியில், கல்லோடு ஒட்டிக் கடைக்குட்டி கிடந்தது. முகமெல்லாம் சேறு. தொட்டுப் பார்த்தாள். உடம்பு கதகதவென்று இருந்தது. மூச்சு சீராக வந்தது. பவளாயி அழுதுவிட்டாள்.

"எட்டு வாரத்துக்கு நாற்பது. காயும் சரியா இருக்கு," என்றான் சடையன். இந்தத் தடவை அவன் மீசையைத் தொடவில்லை.

செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? சாயங்காலம் பெரியாண்டி மூச்சிரைக்க ஓடிவந்தார். வாசலில் அவருடைய ஆறிய கல் கிடந்தது.

"தங்கச்சி, என்ன காரியம் பண்ணிட்டே! அந்தச் சேத்துப் பயகிட்டயா வாங்குறே? நாலு நெல்லிக்காய் குடு, போதும். நானே போடுறேன்."

வளைக்குள்ளிருந்து சடையன் எட்டிப் பார்த்தான். நாலு என்றதும் அவனுக்கு ஆசைதான். பவளாயியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"நாலுக்குப் போட முடியுமாண்ணே உங்களால?"

"தாராளமா முடியும் தங்கச்சி!"

"மூணு வருஷமா முடிஞ்சிருக்கு. எங்ககிட்டப் பத்து வாங்கியிருக்கீங்க. என் புள்ளை நடுங்கினதை உங்க கண்ணால பாத்துக்கிட்டே வாங்கியிருக்கீங்க. நாங்க கேக்க மாட்டோம்கிற தைரியம்தானே?"

பெரியாண்டி குனிந்து தன் கல்லைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

வாய் திறந்து விலை கேட்காத பழைய வாடிக்கைக்காரரும் ஏமாறுவார், இனாமைக் கண்டு எதுவும் கேட்காமல் மாறுகிறவரும் ஏமாறுவார். கேட்டுப் பார்த்து, வைத்துப் பார்த்து மாறுகிறவரே பிழைத்துக்கொள்வார்.