ஏரிக்கரையில் திமாயுகாக்கள் பெருகிய கதை

அந்தக் காலத்தில் முதலையும் மனிதரும் ஒரே மொழி பேசினார்கள். பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், நடுவே எரிமலை நிற்கும் ஒரு பெரிய ஏரி. அதன் கரையில் வாழ்ந்தவர்களுக்கு ஆளுக்கொரு பெயர்தான் இருந்தது. குடும்பப் பெயர் என்று ஒன்றை யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

அங்கே தலிசாய் என்று ஒருத்தி இருந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள், சின்ன மகளை வைத்துக்கொண்டு மீன் பிடித்துப் பிழைத்தாள். வலை வீசும் துறை யாருடையது என்பதில் அவளுக்கும் பெரிய வீட்டுக்காரன் புன்யிக்கும் தீராத பகை. இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஒரு நாள் காலை எரிமலை உறுமியது. சாம்பல் கொட்டிப் பகல் இருண்டது. ஏரியிலிருந்து புறப்படும் ஆற்றைக் கடந்தால்தான் உயிர் மிஞ்சும். படகுகளை அலை நொறுக்கிவிட்டது. ஆற்றின் குறுக்கே கட்டியிருந்த பிரம்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊரே நீரில் இறங்கியது. தலிசாய் தன் மகளைப் பக்கத்து வீட்டுக்காரியோடு முதலில் அனுப்பினாள்.

அப்போது பூமி குலுங்கியது. இக்கரையில் கயிற்றைத் தாங்கிய கம்பம் அடியோடு சாய்ந்தது. நடு ஆற்றில் இருந்தவர்கள் அலறினார்கள். தலிசாய் பாய்ந்து கயிற்றைப் பிடித்தாள். இடுப்பில் சுற்றிக்கொண்டு, பாறையில் காலை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தாள்.

“போங்கள்! நிற்காதீர்கள்!”

நீருக்குள்ளிருந்து முதலை தலைதூக்கியது.

“கயிற்றை விடு, தலிசாய். உன்னை முதுகில் ஏற்றி அக்கரை சேர்க்கிறேன். மற்றவர்களை எனக்கு விட்டுவிடு.”

அவள் கயிற்றை இன்னொரு சுற்று இடுப்பில் சுற்றிக்கொண்டாள்.

“அதோ, அக்கரையில் உன் மகள் அழுகிறாள். நீ உட்கார்ந்திருக்கும் கரை இடிகிறது பார்.”

பார்த்தாள். பிடி ஒரு கணம் தளர்ந்தது. பல்லைக் கடித்து இறுக்கிக்கொண்டாள்.

“கடைசியில் போகிறவன் யார் தெரியுமா? புன்யி. ஊர் நடுவில் உன்னை ஏசியவன். அவனுக்காகவா சாகப் போகிறாய்?”

அது புன்யியின் காதிலும் விழுந்தது. முதுகில் கைக்குழந்தையோடு திரும்பிப் பார்த்தான்.

“என்ன பார்வை? பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போ!” என்று கத்தினாள் தலிசாய்.

முதலை வாலால் கயிற்றை அறைந்தது. பிரம்பு அவள் சதையைக் கிழித்தது. பூமி மறுபடி ஆடியது. அவள் ஆடவில்லை.

புன்யி கரையேறினான். இனி இக்கரையில் அவளுக்காகக் கயிறு பிடிக்க யாருமில்லை.

“குதி, தலிசாய்! நாங்கள் இழுக்கிறோம்!” என்று கூவினான். அவள் கயிறோடு குதித்தாள். ஊரே சேர்ந்து இழுத்தது. முதலை வாய் பிளந்து பக்கத்தில் வந்தது. அவள் கண்ணை விலக்காமல் அதையே பார்த்தாள். முதலை மெல்ல வாயை மூடிக்கொண்டது.

“திமாயுகா” என்று முனகியது. அசைக்க முடியாதவள் என்று அர்த்தம். “நிலம் அசைத்தது, நானும் அசைத்தேன். நடக்கவில்லை. உன் கயிற்றைத் தொட்டவர்களை இனி நான் தொடமாட்டேன்.”

கரையில் மகள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். புன்யி தலை குனிந்து நின்றான்.

“அந்தப் பெயரை என் பிள்ளைக்கும் கொடுப்பாயா?”

“முதலை வைத்த பெயர்தானே. எடுத்துக்கொள்” என்றாள் தலிசாய்.

கயிற்றைப் பிடித்து வந்த மற்றவர்களும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அதனால்தான், மற்றத் தீவுகளில் அங்கொருவரும் இங்கொருவருமாக இருக்கும் திமாயுகாக்கள் அந்த ஏரிப்பக்கம் மட்டும் தடுக்கி விழுந்தால் தட்டுப்படுகிறார்கள்; ஒருவருக்கொருவர் ரத்த உறவே இல்லாதபோதும் ஒரே குடும்பப் பெயரைச் சொல்கிறார்கள்.