மாவு மில் அம்பலவாணன் எழுதிய விளையாட்டு விமர்சனம்

கோணப்பாலத்துக்காரர்களைப் பற்றி வெளியூரில் என்னென்னவோ சொல்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேருகிற ஆள் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்டு முடித்துவிட்டு நீங்களும் ஏதாவது சொன்னால் அதற்கு நான் பொறுப்பில்லை.

மாவு மில் அம்பலவாணன் அந்த ஊரில் பெரிய மனுஷன். எதைக் கேட்டாலும் கண்ணை மூடி யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். பதில் தப்பாக இருக்கும், ஆனால் யோசித்தது உண்மை. அவரோடு எப்போதும் மூன்று பேர் இருப்பார்கள். ஆடு வளர்க்கிற சுடலையாண்டி, ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற பால்வண்ணன், வேலை தேடிக்கொண்டிருக்கிற இசக்கிராஜ். இசக்கிராஜ் வேலை தேடுவதும் அந்த மில்லுக்குள் உட்கார்ந்துதான்.

அம்பலவாணனுக்கு அந்தச் சமயம் ஒரு பெரிய மனக்கஷ்டம். அவர் மனைவி ஆவுடையம்மாள் கோபித்துக்கொண்டு பக்கத்து ஊரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எல்லாம் அவள் தங்கச்சி புருஷனால் வந்தது. அந்த மனுஷன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்துவிட்டு நோட்டீஸில் பெயர் போட்டுக்கொண்டான். தங்கச்சி அந்த நோட்டீஸை அக்காள் வீட்டு வாசலில் கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போனாள்.

"உங்க பேரும் ஒருநாள் நாலு பேரு பாக்கும்படி அச்சுல வரட்டும். அன்னைக்கு நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு ஆவுடை பஸ் ஏறிவிட்டாள். அவள் இல்லாத வீட்டில் அம்பலவாணனுக்குச் சோறு இறங்கவில்லை. சமைக்கத் தெரியாது என்பதும் ஒரு காரணம்தான், ஆனால் அதைவிடப் பெரிய காரணம் அவள் இல்லாததுதான்.

அச்சில் பெயர் வரவேண்டும் என்று அவர் மதுரையிலிருந்து வருகிற ஒரு வாரப் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார். பத்திரிகை ஆசிரியர் பொறுத்துப் பார்த்தார். இந்த ஆளுக்கு ஏதாவது வேலை கொடுத்தால்தான் கடிதம் நிற்கும் என்று தோன்றவே, ஒருநாள் போன் பண்ணினார்.

"அம்பலவாணன் சார், ஜப்பான்காரங்க கார்ட்டூன் தொடர் ஒண்ணு, 'வானவாள் வீரர்கள்'னு, இருபத்தஞ்சு வருஷமா ஓடுது. அதை வெச்சு இப்ப மொபைல்ல ஒரு விளையாட்டு வந்திருக்கு. தமிழ்லயும் இருக்கு. நாலு வீரர்களைச் சேர்த்துக்கிட்டு சண்டைக்குப் போகணும். விளையாடிப் பார்த்துட்டு வியாழக்கிழமைக்குள்ள விமர்சனம் அனுப்புங்க. கூடவே உங்க போட்டோ ஒண்ணு. ரெண்டே ரெண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்குங்க. தொடரைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஆளுக்கு இது பிடிக்குமான்னு சொல்லணும். அப்புறம், கதையை வெளியே விட்டுடக் கூடாது."

"பேரு போடுவீங்களா?" என்று கேட்டார் அம்பலவாணன்.

"பெரிசாவே போடுறேன்."

வியாழக்கிழமைக்குள் என்று சொல்லியிருந்ததால் நாலு பேரும் வியாழக்கிழமை காலையில் மில்லுக்குள் உட்கார்ந்தார்கள். இசக்கிராஜின் போனில் விளையாட்டை இறக்க ஆரம்பித்தார்கள். 'இறங்கி முடியும் வரை இந்த இடத்தை விட்டு அகல வேண்டாம்' என்று போனில் எழுத்து வந்தது. யாரும் அகலவில்லை. கோதுமை அரைக்க வந்தவர்கள் வாசலில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தூக்குவாளியோடு திரும்பிப் போனார்கள்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பால்வண்ணன் சொன்னான். "சுடலை, உம்ம ஆடு கொடியில காயப்போட்ட என் வேட்டியத் திங்குது."

"நானும் அதைத்தான்வே பாத்துக்கிட்டு இருக்கேன். என்ன செய்ய, அகலக் கூடாதுன்னு போட்டிருக்கே."

"பாதி போச்சு."

"பாதி இருக்குல்லா" என்றான் சுடலையாண்டி.

மீதிப் பாதியும் போன பிறகு விளையாட்டு இறங்கி முடிந்தது. 'கதை தொடங்குகிறது' என்று வந்ததும் அம்பலவாணன் சட்டென்று போனைக் கவிழ்த்துவிட்டார்.

"நில்லுங்கவே. ஆசிரியர் என்ன சொன்னாரு? ஒண்ணுமே தெரியாத ஆளுக்குப் பிடிக்குமான்னு கேட்டாரு. இப்ப நமக்கு ஒண்ணும் தெரியாது. கதையப் பாத்துட்டா?"

மூன்று பேரும் யோசித்தார்கள்.

"தெரிஞ்சிரும்" என்றான் இசக்கிராஜ்.

"தெரிஞ்சிட்டா நாம எப்படித் தெரியாத ஆளுக்காகச் சொல்ல முடியும்? பொய் சொன்ன மாதிரி ஆயிரும்லா. பத்திரிகையில பொய் எழுதலாமா?"

"ஒரு காரியம் செய்யலாம் அண்ணாச்சி" என்றான் பால்வண்ணன். "கதையும் வெளிய வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. போனை ஏதாவது போட்டு மூடிட்டா ரெண்டுக்கும் ஆச்சு."

மில்லில் மாவு அள்ளுகிற பெரிய பித்தளைச் சருவம் ஒன்று இருந்தது. போனைத் தரையில் வைத்து அதன்மேல் சருவத்தைக் கவிழ்த்தார்கள். உள்ளேயிருந்து வாள் சத்தமும் ஒரு பெண் அழுகிற சத்தமும் கேட்டன. நாலு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் கதை நின்றுவிட்டது. திரையைத் தொட்டால்தான் மேலே போகுமாம். அதனால் சுடலையாண்டி சருவத்துக்கு அடியில் கையை விட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, தொட்டுக்கொண்டே இருந்தான். இருபத்தைந்து வருஷக் கதை ஒரு பொட்டுகூட வெளியே வராமல் முடிந்தது.

அடுத்து நாலு வீரர்களுக்கும் பெயர் வைக்கச் சொன்னது. வாள்காரனுக்கு அம்பலவாணன் என்று வைத்தார்கள். கேடயம் பிடிக்கிறவனுக்குச் சுடலையாண்டி, மந்திரவாதிக்குப் பால்வண்ணன், வைத்தியனுக்கு இசக்கிராஜ். கடைசியில் தனக்கு ஒரு வேலை கிடைத்ததில் இசக்கிராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

சண்டை ஆரம்பித்தது. எதிரி ஒருத்தன் வந்து நின்றான். ஆள் பனைமர உயரம், தலையில் கொம்பு, கையில் கோடாலி. வந்தவன் அடிக்கவில்லை. லேசாக அசைந்தபடி சும்மா நின்றான். 'இப்போது உங்கள் முறை' என்று எழுத்து வந்தது. இந்த மாதிரி விளையாட்டில் ஒருத்தர் அடித்த பிறகுதான் இன்னொருத்தர் அடிக்க வேண்டும். அதுவரைக்கும் மற்றவன் காத்திருப்பான்.

"ஏன் நிக்காரு?" என்று கேட்டார் அம்பலவாணன்.

"நாம அடிக்கணும்னு காத்துக்கிட்டு இருக்காரு அண்ணாச்சி."

"நாம அடிக்கிற வரைக்கும் அடிக்க மாட்டாரா?"

"மாட்டாராம்."

அம்பலவாணன் கண்ணை மூடி யோசித்தார். "கையில கோடாலிய வெச்சுக்கிட்டு, முதல்ல நீங்கன்னு நிக்கிற மனுஷனை எப்படிவே அடிக்க? நம்ம ஊருக்கு வந்தவரு. பந்தியில வந்தவங்களை உக்கார வெச்சுட்டுத்தானே நாம உக்காருவோம்?"

நியாயம்தான் என்றார்கள் மூன்று பேரும். திரையின் ஓரத்தில் 'முறையை விட்டுக்கொடு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினார்கள். எதிரி கோடாலியால் வாள்காரனின் தலையில் ஒன்று போட்டுவிட்டுப் பழையபடி மரியாதையாகப் போய் நின்றுகொண்டான்.

"அடிச்சிட்டாரே" என்றான் சுடலையாண்டி.

"நாமதானே அடிக்கச் சொன்னோம். அதுக்காக வந்தவரைக் குத்தம் சொல்லலாமா?" என்றார் அம்பலவாணன். மறுபடியும் விட்டுக்கொடுத்தார்கள். எதிரி மறுபடியும் அடித்தான். இப்படியே உபசாரம் நடந்துகொண்டிருந்தபோது திரை கறுத்தது.

'அம்பலவாணன் வீழ்ந்தார். மூன்று மணி நேரம் கழித்து உயிர்பெறுவார்.'

மூன்று பேரும் அம்பலவாணனைப் பார்த்தார்கள். அம்பலவாணனும் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"நான் இருக்கேனேவே" என்றார் மெதுவாக.

"இருக்கீங்க அண்ணாச்சி, இல்லன்னு சொல்லல. ஆனா பேரைப் போட்டுல்ல எழுதியிருக்கு" என்றான் பால்வண்ணன்.

"காலையில எந்திரிச்சப்ப லேசாத் தலை சுத்துன மாதிரி இருந்துச்சு" என்று ஒத்துக்கொண்டார் அம்பலவாணன்.

"அதுதான் முதல் அடி அண்ணாச்சி" என்றான் இசக்கிராஜ். வைத்தியன் சொன்ன பிறகு அதில் பேச்சுக்கு இடமில்லை.

அம்பலவாணன் தோள்துண்டை உதறி விரித்து, கோதுமை மூட்டைகளின்மேல் மல்லாந்து படுத்தார். மாவு பறந்து முகமெல்லாம் வெள்ளையாகப் படிந்தது. "விமர்சனம்" என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"விழுந்தவங்க பேசக் கூடாது அண்ணாச்சி" என்றான் சுடலையாண்டி. அவர் வாயை மூடிக்கொண்டார்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு ஆள் போய்விட்டார் என்றால் ஐஸ் பெட்டி வருவதற்கு முன்னால் சுவரில் போஸ்டர் வந்துவிடும். பெரிய மனுஷன் விழுந்து கிடக்கிறார், ஊருக்குச் சொல்லாமல் இருந்தால் நாளைக்கு யார் முகத்தில் முழிப்பது? பால்வண்ணனின் மச்சான் அடுத்த தெருவில் அச்சகம் வைத்திருந்தான். அம்பலவாணனின் போட்டோ என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யாரோ கல்யாணத்தில் வாய்விட்டுச் சிரிக்கிற போட்டோ. அதைப் போட்டே அடித்துவிட்டார்கள்.

'கண்ணீர் அஞ்சலி. மாவு மில் அதிபரும் விளையாட்டு விமர்சகருமான திரு. அம்பலவாணன் அவர்கள் இன்று மூன்று மணி நேரத்துக்கு இறைவனடி சேர்ந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். துயரத்தில் வாடும் நண்பர்கள்.'

அச்சகத்து மச்சான் அதைப் படித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அவனும் கோணப்பாலத்துக்காரன்தான்.

போஸ்டர் பஸ் ஸ்டாண்டில் ஏறியது, அங்கிருந்து போனில் ஏறியது, போனிலிருந்து பக்கத்து ஊருக்குப் போய் ஆவுடையம்மாளின் கண்ணில் பட்டது. அவள் போட்டோவையும் பெயரையும்தான் பார்த்தாள். அதற்குமேல் படிக்கக் கண்ணீர் விடவில்லை. ஆட்டோ பிடித்து, தலைமுடி அவிழ மில்லுக்குள் ஓடிவந்தவள், வெள்ளை முகத்தோடு மூட்டைமேல் கிடந்த புருஷனைப் பார்த்ததும் அப்படியே அவர்மேல் விழுந்து கதறினாள்.

"அச்சுல பேரு வரணும்னு கேட்டேனே, இப்படியா வரணும்னு கேட்டேன்? நான் ஒரு பாவி. உங்க பேரு எங்கயும் வர வேண்டாம், நீங்க இருந்தாப் போதும்."

அம்பலவாணனின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மாவில் ரெண்டு கோடு போட்டது. ஆவுடை தன்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறாள் என்பது அவருக்கு உயிரோடு இருந்தவரைக்கும் தெரியாது. எழுந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் நேரம் ஆகவில்லை.

"முழுசாப் படிங்க மதினி" என்று இசக்கிராஜ் சுவரிலிருந்த போஸ்டரைக் காட்டினான்.

ஆவுடை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தாள். ரெண்டு தரம் படித்தாள்.

"மூணு மணி நேரம்தானா?"

"அவ்வளவுதான் மதினி. பாதி போயிட்டு."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா பஸ்லயே வந்திருப்பேன். ஆட்டோவுல குலுங்கிக் குலுங்கி இடுப்பு போச்சு" என்றாள் ஆவுடை. பிறகு புருஷனின் நெற்றியிலிருந்த மாவைத் தடவிவிட்டுச் சொன்னாள். "எந்திரிக்கும்போது பசியா இருப்பாரு. நான் போய் உலை வெக்கேன்."

போகும்போது அவள் கண்ணில் போன் பட்டது. சருவத்தின்மேல் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"இது யாரு, கொம்போட?"

"இவருதான் மதினி அண்ணாச்சிய அடிச்சவரு. தப்பா நினைக்காதீங்க, நல்ல மனுஷன். அப்ப இருந்து உக்காராம நிக்காரு."

ஆவுடை குனிந்து அவனைப் பார்த்தாள். "என் தங்கச்சி புருஷன் இன்னும் எட்டிப் பாக்கல. அடிச்சவரு நின்ன கால்ல நிக்காரு. சாப்பிடும்போது இவருக்கும் ஒரு இலை போடுங்க" என்றாள்.

நேரம் ஆனதும் 'அம்பலவாணன் மீண்டும் தயார்' என்று வந்தது. அம்பலவாணன் எழுந்து மாவைத் தட்டினார். எல்லோரும் சாப்பிட்டார்கள். எதிரிக்கும் போனுக்கு முன்னால் இலை போட்டு, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார்கள். அவன் தொடவில்லை. நாம் முதலில் சாப்பிட வேண்டும் என்று காத்திருக்கிறான் என்று பால்வண்ணன் விளக்கினான். பிறகு அம்பலவாணன் சொல்லச் சொல்ல இசக்கிராஜ் விமர்சனத்தை எழுதினான்.

'இந்த விளையாட்டை மிகவும் கவனமாக விளையாடினோம். தொடரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கு இது பிடிக்கும். எங்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, பிடித்திருக்கிறது. கதையை நாங்கள் வெளியே விடவில்லை. சருவத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. எதிரி நல்ல குணம், சாப்பாட்டில் மட்டும் கூச்சம். விழுந்தால் வலிக்கவில்லை, மனைவி வருகிறாள். ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம்.'

ஆசிரியர் போட்டோ கேட்டிருந்தார் அல்லவா? இருந்த ஒரே போட்டோ போஸ்டரில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் போஸ்டரையே படம் பிடித்து விமர்சனத்தோடு அனுப்பிவிட்டார்கள்.

மதுரையில் ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இந்த மனுஷன் எழுதிய கடிதம் ஒன்றைக்கூடப் போடவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை இதழில் முழுப்பக்கம் ஒதுக்கி, சிரிக்கிற போட்டோவை நடுவில் வைத்து, இரங்கல் செய்தியும் சேர்த்துப் போட்டார். போஸ்டரிலிருந்த 'மூன்று மணி நேரத்துக்கு' என்பதை மட்டும் அச்சுப்பிழை என்று எடுத்துவிட்டார்.

பத்திரிகை வந்ததும் ஆவுடை அதை வாங்கிக்கொண்டு மில்லுக்கு ஓடிவந்தாள். கொட்டை எழுத்தில் பெயர். அம்பலவாணன் பெருமையோடு வாசிக்க ஆரம்பித்தார். "அமரர் அம்பலவாணன். இறைவனடி சேர்ந்தார்." வாசித்தவர் நிறுத்தினார். பத்திரிகையை மடித்து ஆவுடையிடம் கொடுத்தார். தோள்துண்டை உதறி விரித்து, மூட்டைகளின்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"இந்தத் தடவை எவ்வளவு நேரமாம்?" என்று கேட்டாள் ஆவுடை.

மூன்று பேரும் பத்திரிகையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். எங்கேயும் போடவில்லை. இசக்கிராஜ் மதுரைக்குப் போன் போட்டான்.

"ஐயா, கோணப்பாலத்துல இருந்து பேசுதோம். அம்பலவாணன் அண்ணாச்சி இறைவனடி சேர்ந்ததாப் போட்டிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். எப்ப எந்திரிக்கணும்னு போட விட்டுட்டீங்களே. அவரே கேக்காரு, இந்தா பேசுங்க" என்று போனை அம்பலவாணனின் காதில் வைத்தான்.

"விழுந்தவங்க பேசக் கூடாதுவே" என்றார் அம்பலவாணன் போனுக்குள்.

அந்தப் பக்கத்தில் ஏதோ தடாலென்று விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் பேச்சே இல்லை. இசக்கிராஜ் போனை வாங்கிக் கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"ஆசிரியரும் விழுந்துட்டாரு போல. அவருக்கு எவ்வளவு நேரம்னு தெரியல. போஸ்டர் அடிக்கணும், அவரு போட்டோ யாருகிட்டயாவது இருக்கா?"